மாடிப்படியில் எவரெஸ்ட்: 8,848 மீட்டர் மெய்நிகர் மலையேற்றச் சவாலுக்கு முழுமையான வழிகாட்டி

மெய்நிகர் மலையேற்றம் அடிப்படையில் ஒரு கூட்டல் கணக்கு. மாடிப்படியோ, ஊர்க்குன்றோ, மலைச்சாலையோ, எதில் ஏறினாலும் ஏறிய உயரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இறங்கியதைக் கழிக்கத் தேவையில்லை. கூட்டுத்தொகை 8,848 மீட்டரைத் தொட்டால் எவரெஸ்ட். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அதனால் 8,849 என்று வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் வாதத்துக்கு வரமாட்டார்கள்.

இதன் கடினமான வடிவத்துக்கு எவரெஸ்டிங் என்று பெயர். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் பேரன், அவர் பெயரும் ஜார்ஜ் மலோரிதான், 1994இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலைச்சாலையில் சைக்கிளை ஏற்றி இறக்கியே எவரெஸ்ட் உயரத்தைச் சேர்த்தார். மறு ஆண்டு நிஜ எவரெஸ்டிலும் ஏறினார். 2014இல் மெல்பர்னைச் சேர்ந்த ஹெல்ஸ் 500 என்ற குழு இதற்கு விதிகள் வகுத்தது: ஒரே ஏற்றம், ஒரே மூச்சில், இடையில் தூக்கம் கிடையாது. நாம் பேசப்போவது அது அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே 30 அல்லது 60 நாளில் முடிக்கும் வடிவம். ஒரே நாள் எவரெஸ்டிங் பக்கம் போக நினைப்பவர்களும் முதலில் இதை முடித்திருப்பது நல்லது.

இந்தச் சவாலைக் கெடுப்பவை இரண்டே விஷயங்கள். உயரத்தைத் தப்பாக எண்ணுவது ஒன்று. இறங்குவதை அலட்சியமாக நினைப்பது இன்னொன்று. மற்றதெல்லாம் பழகிவிடும்.

முதலில் விதியை எழுதுங்கள்

கட்டணம் வாங்கிக்கொண்டு பதக்கம் அனுப்பும் சில சவால்கள், எவரெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு நடந்த கிலோமீட்டரை மட்டுமே கணக்கில் எடுக்கும். மெரினாவில் நடந்தாலும் அதில் சிகரம் வந்துவிடும். பணம் கட்டும் முன் அது எண்ணுவது தூரமா உயரமா என்று பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்தாலும் உயரக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் சேராது. அந்த வித்தியாசம்தான் இங்கே விஷயமே.

நீங்களாகவோ நண்பர்களோடோ செய்வதானால் ஐந்து வரி போதும். எத்தனை நாள், எங்கெல்லாம் ஏறியது சேரும், லிஃப்டில் இறங்கலாமா, டிரெட்மில் சேருமா, ஒரு நாளைக்கு உச்சவரம்பு எவ்வளவு. கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். உச்சவரம்பு வைக்காத குழுவில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் 1,000 மீட்டர் ஏறுவார், இன்னொருவர் விடாமல் 1,100 ஏறுவார், புதன்கிழமை இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு 600 மீட்டர் என்று கட்டிவிடுங்கள்.

டிரெட்மில் சேரும் என்றால் தூரத்தைச் சாய்வுச் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 10 சதவீதச் சாய்வில் 3 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 300 மீட்டர். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தது சேராது என்றும் எழுதிவிடுங்கள். பின்னால் சாய்ந்து கைப்பிடியைப் பிடித்தால் உடல் எடையில் ஒரு பகுதியை இயந்திரம் தாங்கிக்கொள்கிறது, திரையில் எண் மட்டும் ஓடுகிறது.

படியை அளப்பது

ஐந்து மீட்டர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் நமக்கு வேண்டியது கொத்தனார் 'ரைசர்' என்று சொல்லும் செங்குத்து உயரம். கால் வைக்கும் அகலம் வேண்டாம். ஒரே ஒரு படியை அளந்து பெருக்காதீர்கள். முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. படி கட்டி முடித்த பிறகு தரைக்கு டைல்ஸ் போடுவார்கள், அந்தக் கனம் முதல் படியின் உயரத்தைத் தின்றுவிடும். வெவ்வேறு மாடிகளில் பத்துப் படிகளை அளந்து சராசரி எடுங்கள். குடியிருப்புகளில் 15 முதல் 17.5 செ.மீ. வரை வரும்.

அடுத்து படிகளை எண்ணுங்கள். மேல்தளத்தில் கால் வைக்கும் அந்தக் கடைசி ஏற்றமும் ஒரு படிதான். கால் வைக்கும் பலகைகளை மட்டும் எண்ணினால் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறையும். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: தரைத்தளத்தோடு ஐந்து தளம் உள்ள கட்டடத்தில் ஐந்தாவது தளத்துக்குப் போக நான்கு மாடி உயரம்தான் ஏற வேண்டும். மொட்டை மாடி வரை போனால்தான் ஐந்து.

ஓர் உதாரணம். தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை 95 படி, சராசரி 16 செ.மீ. ஒரு ஏற்றம் 15.2 மீட்டர். 8,849ஐ 15.2ஆல் வகுத்தால் 582.2, ஆக 583 ஏற்றம், மொத்தம் 55,385 படி. இதே கட்டடத்தில் 'படி ஒரு 17.5 செ.மீ. இருக்கும்' என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் 533 ஏற்றத்திலேயே கொடி நட்டிருப்பீர்கள். உண்மையில் ஏறியது சுமார் 8,102 மீட்டர். சிகரத்துக்கு முந்தைய கடைசி முகாமான தென் முகட்டுக் கணவாயைத் (சவுத் கோல்) தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சிகரம் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் செய்யும் வேலை அது.

அளந்ததைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. படிக்கட்டின் நடுவில் இடைவெளி இருந்தால் மேலிருந்து கனமான சாவிக்கொத்தைக் கட்டி நூலை இறக்குங்கள், கீழே ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு. நூலின் நீளமும் படிக்கணக்கும் 20 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் போதும்.

கடிகாரத்தை ஏன் நம்பக் கூடாது

பாரோமீட்டர் உள்ள கார்மின், ஆப்பிள் வாட்ச் போன்றவை காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கின்றன. கடல்மட்டத்துக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறியதாக அர்த்தம். மேலே சொன்ன ஐந்து மாடிக் கட்டடத்தின் முழு உயரமும் 2 ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை.

நம் ஊர் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் நாள்தோறும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, இரவு மறுபடி ஏற்றம். இந்த வீச்சு சாதாரண நாளிலேயே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். அதாவது காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நாற்காலியை விட்டு எழாதவரையும் கடிகாரம் 25 மீட்டர் உயர்த்திக் காட்டலாம். புயல்சின்னம் வரும் நாளில் இன்னும் மோசம். இதோடு வியர்வை, பவுடர், சோப்பு நுரை எல்லாம் சேர்ந்து கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையை அடைத்துக்கொள்ளும். பத்தாவது ஏற்றத்துக்கு மேல் கணக்கு திடீரென்று குறைந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவிடுங்கள். ஊசி விட்டுக் குத்தாதீர்கள்.

'மாடி' எண்ணிக்கை இன்னும் பருமட்டு. இந்தக் கடிகாரங்களுக்கு ஒரு மாடி என்றால் சுமார் 3 மீட்டர், அவ்வளவுதான். பழைய கட்டடங்களில் ஒரு மாடி 3.6 மீட்டர் இருக்கும். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் பயன்படாது. வெளியிலும் உயரத்தில் அதன் பிழை, இடத்தைக் காட்டுவதில் உள்ள பிழையைவிடப் பெரியது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதுதான் காரணம், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆகவே சூத்திரம் எளிது: அளந்த உயரம், பெருக்கல் ஏறிய தடவை. கடிகாரம் நாடித்துடிப்பைப் பார்க்கட்டும்.

தடவையை எண்ணுவதிலும் சறுக்கல் வரும். பதினைந்துக்கு மேல் போனால் மனசு குழம்பும், பதினேழா பதினெட்டா என்று தெரியாது. ஏறப்போகும் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டையை வலப்பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறை மேலே தொட்டதும் ஒன்றை இடப்பைக்கு மாற்றலாம். நாமஜபம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டும் சிறு டிஜிட்டல் கவுண்டர் கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும், அதுவும் நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் உச்சியில் மட்டும் எண்ணுங்கள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அழுத்துகிறவர்கள் எவரெஸ்டை இரண்டு மடங்கு வேகத்தில் முடிப்பார்கள்.

குன்றுக்குக் கணக்கு வேறு

கல்படிகளில் ஒன்று அரைச் சாண், அடுத்தது முழுச் சாண் என்று இருக்கும். அங்கே படிக்கணக்கு உதவாது, பாரோமீட்டரைத்தான் கேட்க வேண்டும், கொஞ்சம் தந்திரமாக. அடிவாரத்தில் ஒரு அளவு, உச்சியில் ஒன்று, இறங்கி மறுபடி அதே அடிவாரக் கல்லில் ஒன்று. அடிவாரத்தில் முதலில் 62, திரும்பும்போது 66, உச்சியில் 141 என்று காட்டினால், இரண்டு அடிவார அளவுகளின் சராசரி 64. குன்றின் உயரம் 77 மீட்டர். இடையில் அழுத்தம் மாறியதால் வந்த பிழை இதில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இரண்டு வெவ்வேறு நாளில் அளந்து சராசரி வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சில யதார்த்தங்கள். சென்னை தட்டையான ஊர்; பரங்கிமலை, திருநீர்மலை போன்ற சிறு குன்றுகளைத் தவிர மாடிப்படியும் விளையாட்டரங்கப் படிவரிசைகளும்தான் கதி. கோயில் படிக்கட்டுகள் எண்ணிக்கையில் ஆசைகாட்டும்: பழனி 693, சோளிங்கர் 1,305, மலேசியாவில் பத்துமலை 272. ஆனால் அவை பக்தர்கள் வெறுங்காலோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் வழிகள். ஒரு முறை ஏறித் தரிசனம் செய்துவிட்டு அந்த உயரத்தைச் சேர்த்துக்கொள்வது அழகு. அங்கே போய்ப் பத்து முறை ஏறி இறங்கிப் பயிற்சி செய்வது எங்கள் பார்வையில் சரியில்லை. வெயில் ஏறிவிட்டால் கருங்கல் பாதத்தைப் பொசுக்கவும் செய்யும்.

காப்புக்காட்டுக்குள் இருக்கும் மலைகளில் அனுமதியில்லாமல் ஏறக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டன. வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு பாதையில் போனால் பல நாள் மாடிப்படிக் கணக்கு ஒரே நாளில் தீரும். உச்சவரம்பில் அன்று ஒரு நாளுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாள்வாரிக் கணக்கு

30 நாள் திட்டத்துக்கு ஒரு நுழைவுத்தேர்வு உண்டு. நீங்கள் ஏறப்போகும் படிக்கட்டில் 150 மீட்டர், அதாவது மேலே சொன்ன கட்டடத்தில் பத்து ஏற்றம், நிதானமாக ஏறி நடந்தே இறங்குங்கள். மறுநாள் எப்படி இருக்கிறது என்பது முக்கியமில்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில் படியில் இறங்கிப் பாருங்கள். கைப்பிடியைப் பிடிக்காமல் வலியின்றி இறங்க முடிந்தால் 30 நாள். தொடை கடுத்தால் 60 நாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மலை அங்கேயேதான் இருக்கும்.

30 நாள் திட்டம்:

- முதல் வாரம் 1,200 மீ. (5 நாள், நாளைக்கு 16 ஏற்றம்)
- இரண்டாம் வாரம் 2,000 மீ. (6 நாள், 22 ஏற்றம்)
- மூன்றாம் வாரம் 2,700 மீ. (6 நாள், 30 ஏற்றம்)
- நான்காம் வாரம் 2,200 மீ. (6 நாள், 24 அல்லது 25 ஏற்றம்)
- கடைசி 2 நாள் 749 மீ. (25 ஏற்றம் வீதம், துண்டு விழுந்தால் இங்கே ஒன்றிரண்டு கூட்டுங்கள்)

60 நாள் திட்டத்தில் வாரவாரியாக 400, 600, 800, 1,000, 800, 1,300, 1,500, 1,600 மீட்டர். மிச்சம் 849 கடைசி நான்கு நாளில். ஐந்தாம் வாரம் குறைவது தப்பெழுத்து இல்லை. நான்கு வாரம் ஏறிய பிறகு, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு அந்த இளைப்பாறல் தேவை. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசை அதைவிடக் கொஞ்சம் மெதுவாக. தசைநாண் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். மூன்றாவது நான்காவது வாரத்தில் 'இப்போதுதான் சூடுபிடிக்கிறது' என்று தோன்றும்போதே குதிநாண் வலி வருவது இதனால்தான்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஐந்து மாடி ஏறி இறங்க, அவசரமில்லாமல், மூன்றரை முதல் நான்கு நிமிடம். 25 ஏற்றம் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மொத்தச் சவாலும் ஏறக்குறைய 34 முதல் 39 மணி நேர வேலை. காலையில் ஒரு மணி, மாலையில் அரை மணி என்று பிரித்தால் வீட்டில் சண்டை வராது, காலுக்கும் நல்லது.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக ஏறாதீர்கள். மிச்ச உயரத்தை மிச்ச நாட்களால் வகுத்துக்கொள்ளுங்கள். வகுத்து வருவது 500 மீட்டரைத் தாண்டினால் கெடுவை நீட்டுங்கள்.

ஏறும் முறை

முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள். முன்பாதத்தில் மட்டும் ஏறினால் வேகமாகத் தெரியும், ஆனால் கெண்டைக்காலும் குதிநாணும் மொத்தச் சுமையையும் வாங்கும். குதிகாலால் படியை அழுத்தி எழும்பினால் வேலை பிட்டத் தசைக்கும் தொடைக்கும் போகும். அவைதான் இதற்கென்றே இருக்கும் பெரிய தசைகள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலின் நேரே இருக்கட்டும். இடுப்பிலிருந்து லேசாக முன்சாயலாம், முதுகை வளைக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு படியாகத்தான். இரண்டிரண்டாகத் தாவினால் உயரம் அதேதான், ஆனால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் அதிகம் மடங்கி அதிகம் தாங்க வேண்டியிருக்கும். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு இரண்டு சொல்லில் அறுந்தால் லேண்டிங்கில் மெதுவாக நடந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சடாரென்று நிற்கவோ உட்காரவோ வேண்டாம். காலில் இறங்கியிருக்கும் ரத்தம் மேலே திரும்பாமல் தலை சுற்றும்.

ஒரே திசையில் சுற்றிச் சுற்றி ஏறுவதாலும் கிறுகிறுப்பு வரும். பார்வையைக் காலடியில் குத்தி வைக்காமல் ஏழெட்டுப் படி மேலே வைத்தால் குறையும். பக்கத்து பிளாக்கின் படிக்கட்டு எதிர்த்திசையில் திரும்பினால் ஒருநாள்விட்டு ஒருநாள் அங்கே போங்கள், அதையும் தனியாக அளந்துவிட்டு.

இறங்குவதுதான் பாதி வேலை

ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. மூச்சு வாங்காது, நாடி ஏறாது, அதனால் சும்மா இறங்குவதாகத் தோன்றும். ஆனால் தசை இழைகளில் நுண்கிழிசல் அதிகம் வருவது இந்த நீளும் வேலையில்தான். வலி உடனே தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக 40 ஏற்றம் போனவர் செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், குறைந்த அளவில் ஒருமுறை இந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்குக் கெட்டிப்பட்டுவிடும். எனவே முதல் வாரத்தில் லிஃப்ட் இருந்தால் பாதி இறக்கத்தை லிஃப்டில் போங்கள், பாதியை நடந்து. முழுக்க லிஃப்டில் இறங்கினால் தொடை பழகாது. மலைப்பாதையில் போகிற அந்தச் சனிக்கிழமை மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து இறக்கத்தை ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொள்ளலாம்.

இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள், விறைப்பாக நீட்டிக் குதிக்காதீர்கள். படியில் விழும் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது; 'தொப் தொப்' என்று கேட்டால் அதிர்ச்சியைத் தசை வாங்காமல் மூட்டு வாங்குகிறது. ஒரு கை கைப்பிடிக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கட்டும். போன் பையில். விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போது, களைத்த பிறகு, கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்து விழுகிறார்கள். லேண்டிங்குக்கு முந்தைய படியின் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுங்கள், அசோசியேஷனில் கேட்டுவிட்டு.

காலணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மாரத்தானுக்கென்று வரும் மெத்துமெத்தென்ற தடித்த அடிப்பாகம் படி விளிம்பில் ஆடும். அடி தட்டையாக, பிடிப்பாக, குதிகால் நழுவாமல் இருந்தால் சரி. செருப்போடு வேண்டவே வேண்டாம்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

படிக்கட்டுக்குள் காற்றோட்டம் இருக்காது, சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஏறும் முன்பும் பின்பும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்தால் அரை லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். இடையில் குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டினால் உங்கள் மணிக்கணக்கு தெரியும். அந்த அளவைத் தாண்டி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட நீர்மோர் போதும். கடுமையாக வியர்ப்பவர்கள் ஓஆர்எஸ் கரைத்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கலப்பதானால் 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீருக்கு 6 மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு.

எடை குறைக்க ஏறுபவர்களுக்கு ஒரு கணக்கு. 60 கிலோ உடலை 8,849 மீட்டர் தூக்க உடல் செலவழிப்பது சுமார் 5,000 முதல் 6,000 கிலோகலோரி. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 இருக்கிறது. எவரெஸ்ட் முழுவதும் ஏறினாலும் ஒரு கிலோ கரையாது. ஒரு நாள் ஏற்றம் ஒரு மசால் தோசைக்கு ஈடாகாது என்றால் பலருக்கும் கோபம் வரும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. கிடைப்பது வேறு: தொடை வலு, மூச்சு, மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் தேடாத கால்.

எங்கே நிறுத்த வேண்டும்

முழங்கால் சிப்பியைச் சுற்றி இறங்கும்போது மட்டும் வலித்தால் இரண்டு நாள் இறக்கத்தை லிஃப்டுக்கு மாற்றி, ஏற்றத்தைப் பாதியாக்குங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிநாண் பிடித்தால் முன்பாதத்தில் ஏறுகிறீர்களா என்று பாருங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி உதவும், வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். மூட்டு வீங்கினால் அன்றைக்கே நிறுத்தம்.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். அளவுமீறி ஏறிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் படியேற்றம் என்று குறிப்பாகச் சொல்லிக் கேட்க வேண்டும். 'நடைப்பயிற்சி' என்று சொன்னால் அவர் சரி என்றுதான் சொல்வார்.

சைக்கிள்காரர்களுக்கு

வீட்டுக்குள்ளேயே சைக்கிளைப் பொருத்தி ஓட்டும் டிரெய்னரில் ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் சைக்கிள் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஆல்ப் டு ஸ்விஃப்ட் ஏற்றம் தோது. பிரான்சின் ஆல்ப் துயெஸ் சாலையைப் பார்த்துச் செய்தது, 21 வளைவு, ஒரு ஏற்றம் 1,036 மீட்டர். எட்டரை முறைக்குக் கொஞ்சம் மேல் போனால் எவரெஸ்ட். அமைப்புகளில் டிரெய்னர் டிஃபிகல்டி 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை 50க்குக் குறைத்தால் மலையின் சாய்வு காலுக்குப் பாதியாகத்தான் தெரியும். எவரெஸ்டிங் விதிப்படியும் 100தான் செல்லும். வெளியே ஓட்டுபவர்களுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40 வளைவும் இருக்கின்றன. ஏறும்போது அல்ல, இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும்.

பதிவேடும் குழுவும்

கூகுள் ஷீட்டில் ஆறு பத்தி: தேதி, பெயர், இடம், ஒரு ஏற்றத்தின் உயரம், தடவை, மொத்தம். ஏழாவதாக ஓடும் கூட்டுத்தொகை. 'ஒரு ஏற்றத்தின் உயரம்' பத்தியைத் தொடங்கும் முன்பே நிரப்பிப் பூட்டிவிடுங்கள். நடுவில் யாருடைய படியும் வளரக் கூடாது. ஒவ்வொருவரும் டேப் வைத்துப் படியை அளக்கும் படம் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே போட்டுவிட்டால், பிறகு யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் வழியில் நிறுத்தங்கள் தாமாக வரும்: 2,637 மீட்டரில் தொட்டபெட்டா, 2,695இல் ஆனைமுடி, 2,860இல் லுக்லா விமானதளம், 5,364இல் நேபாளப் பக்க அடிவார முகாம், சுமார் 7,900இல் தென் முகட்டுக் கணவாய். அடிவார முகாமிலிருந்து தொடங்குவதாக வைத்துக்கொண்டால் ஏற வேண்டியது 3,485 மீட்டர்தான். குழுவில் வயதானவர்களோ பள்ளிப் பிள்ளைகளோ இருந்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். அதே வரைபடம், அதே சிகரம், மேலே சொன்ன கட்டடத்தில் 230 ஏற்றம்.